முதலில் கோடு, அப்புறம் குழாய்

எங்கள் தெருவை ஐந்து ஆண்டுகளில் மூன்று முறை தோண்டிவிட்டார்கள். முதல் முறை குடிநீர்க் குழாய்க்கு. மூடி, தார் போட்டு, நாங்கள் மூச்சு விட்ட எட்டாவது மாதம் கழிவுநீர்க் குழாய்க்கு. அப்புறம் மின்சாரக் கேபிளுக்கு. கேபிளுக்குத் தோண்டியபோது முதலில் போட்ட குடிநீர்க் குழாய் உடைந்து, இரண்டு நாள் தெரு குளமாக நின்றது. எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே, "மூணு பேரும் ஒரே நாள்ல வந்திருந்தா ஒரு குழியோட போயிருக்கும்ல தம்பி?" என்றார்.

தலையாட்டி வைத்தேன். ஆனால் மூன்று பேரும் ஏன் ஒரே நாளில் வர மாட்டார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். படிப்பு முடிந்து முதல் நான்கு ஆண்டுகள், கழிவுநீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். குடிநீருக்கு ஒரு கடன், கழிவுநீருக்கு ஒரு மானியம், மின்சாரம் முற்றிலும் வேறொருவர் கணக்கு. மூன்று பணமும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளில் வந்து சேரும். வந்ததை நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். ஆகவே யாருக்கு முதலில் பணம் வருகிறதோ அவர் முதலில் தோண்டுவார். வரைபடத்தில் நாங்கள் போட்டு வைத்த வரிசைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

அந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. குடிநீர் அழுத்தத்தில் ஓடுகிறது. பம்ப் தள்ளினால் மேடேறும், வளையும், குழாயை மூன்று அடி ஆழத்தில் எங்கே வேண்டுமானாலும் பதிக்கலாம். கழிவுநீர் அப்படி இல்லை. அது சரிவில் தானாக இறங்கி ஓட வேண்டும். சரிவு குறைந்தால் கசடு தங்கி அடைக்கும். ஒவ்வொரு தெருவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, நகரத்தின் கடைசியில் வந்து சேரும்போது அது பல அடி ஆழத்தில் இருக்கும். அதனால் ஆழமான கழிவுநீர்க் குழாய்தான் முதலில் போக வேண்டும், மற்றவை அதன் மேலே. எங்கள் தெருவில் நேர் எதிராக நடந்தது. குழி ஒன்று மூன்றானதைவிட எனக்கு உறுத்தியது இந்தத் தலைகீழ்தான்.

அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சிகாகோவின் கதையைப் படித்தேன். அன்றிலிருந்து நகரம் வளர்கிறது என்று யார் சொன்னாலும் எனக்கு ஜாக்கிகள்தான் ஞாபகம் வருகின்றன.

சிகாகோவில் 1840இல் சுமார் 4,500 பேர் இருந்தார்கள். 1850இல் 30,000. 1860இல் ஒரு லட்சத்து 12 ஆயிரம். ஏரிக்கரையில், ஏரி மட்டத்தை ஒட்டியே அமைந்த தட்டையான சதுப்பு நிலம். மழை பெய்தால் தண்ணீர் போக இடமில்லை. 1854இல் காலரா வந்து பலரைக் கொண்டுபோன பிறகுதான் 1855இல் கழிவுநீருக்கென ஒரு வாரியம் அமைத்து எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளரை அழைத்தார்கள். அவர் பார்த்தார். நிலத்துக்கு அடியில் குழாயைச் சரிவாகப் பதிக்க ஆழமே இல்லை. கொஞ்சம் இறக்கினால் ஏரி மட்டத்துக்குக் கீழே போய்விடும். சரி, குழாயைக் கீழே இறக்க முடியாவிட்டால் ஊரை மேலே தூக்குவோம் என்றார்.

குழாய்களைத் தெருவின் மேலேயே போட்டு, அதன் மேல் மண்ணைக் கொட்டி, தெருவை உயர்த்தினார்கள். இப்போது கட்டடங்கள் எல்லாம் பள்ளத்தில். அவற்றை என்ன செய்வது? திருகு ஜாக்கிகளை அடியில் வரிசையாக வைத்து, விசில் அடித்ததும் ஒவ்வொருவரும் தன் ஜாக்கியை ஒரே அளவு திருப்ப வேண்டும் என்று ஆட்களை நிறுத்தி, கட்டடத்தை அப்படியே தூக்கினார்கள். 1860இல் லேக் தெருவில் 320 அடி நீளமுள்ள, நான்கைந்து மாடிக் கட்டடங்களின் முழு வரிசையை 600 ஆட்களும் 6,000 ஜாக்கிகளுமாக ஐந்தே நாளில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். மொத்த எடை 35,000 டன் என்று கணக்கிட்டார்கள். கீழே ஜாக்கி திருகிக்கொண்டிருக்க, மேலே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. 1861இல் டிரிமாண்ட் ஹவுஸ் என்ற ஆறு மாடி ஹோட்டலை, உள்ளே தங்கியிருந்தவர்களை வெளியேற்றாமலேயே தூக்கினார்கள்.

இதைப் பொறியியல் சாகசம் என்று எழுதுவார்கள். சாகசம்தான், மறுக்கவில்லை. ஆனால் எஸ்டிமேட் போட்டுப் பழகிய கண்ணுக்கு இது தாமதத்துக்கு வந்த பில். 4,500 பேர் இருந்தபோது தெரு மட்டத்தை உயர்த்தியிருந்தால் மண் செலவோடு போயிருக்கும். அதோடு கதை முடியவும் இல்லை. புதுக் குழாய்கள் கழிவை ஆற்றில் விட்டன, ஆறு அதை ஏரியில் விட்டது, ஏரிதான் ஊருக்குக் குடிநீர். ஏரிக்கு அடியில் இரண்டு மைல் சுரங்கம் குடைந்து, தள்ளிப் போய்த் தண்ணீர் எடுத்தார்கள். அதுவும் போதவில்லை. 1900இல் கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே எதிர்ப்பக்கம் திருப்பினார்கள்.

சிகாகோவுக்கு நேர் எதிரான காரியத்தை 1811இல் நியூயார்க் செய்து வைத்திருந்தது. அப்போது அந்த ஊரில் ஒரு லட்சம் பேர்கூட இல்லை. எல்லாரும் மன்ஹாட்டன் தீவின் தென்கோடியில் நெருக்கியடித்து இருந்தார்கள். மற்றபடி தீவு முழுக்கப் பண்ணை, பாறை, ஓடை. மூன்று பேர் கொண்ட ஆணையம் ஒன்று அந்த வெற்று நிலத்தின் மீது 155ஆம் தெரு வரைக்கும் கட்டம் போட்டது. வடக்கு தெற்காக 12 அவென்யூக்கள், ஒவ்வொன்றும் 100 அடி அகலம். குறுக்கே போகும் தெருக்கள் பெரும்பாலும் 60 அடி, அவற்றில் 15 மட்டும் 100 அடி. அந்தத் தெருக்களில் ஒன்றைக்கூட அவர்கள் அன்று கட்டவில்லை. வெறும் கோடு. இந்தக் கோட்டுக்குள் வீடு கட்டாதே என்பதுதான் அதன் மொத்த அர்த்தம்.

கோடு போடுவதும் சும்மா நடக்கவில்லை. ஜான் ராண்டல் என்ற இளம் சர்வேயர் பல ஆண்டுகள் அந்தத் தீவை அளந்தார். நிலத்துக்காரர்கள் காய்கறியை எடுத்து எறிந்தார்கள், நாயை ஏவினார்கள், அத்துமீறி நுழைந்தார் என்று வழக்குப் போட்டுக் கைதுகூடச் செய்ய வைத்தார்கள். அவர் நட்ட அடையாளக் கட்டைகளைப் பிடுங்கிப் போட்டார்கள். கோபம் நியாயமானதுதான். தன் தோட்டத்தின் நடுவில் வரப்போகும் ஒரு தெருவை எவன் ஒப்புக்கொள்வான்? ஆனால் பிற்காலத்தில் குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், எரிவாயு, மின்சாரம், சுரங்க ரயில் என்று ஒவ்வொன்றாக வந்தபோது, அவை போக இடம் தயாராக இருந்தது. பணம் வந்தபோது தோண்டினார்கள். சிகாகோவைப் போல ஊரையே ஜாக்கி வைத்துத் தூக்க வேண்டியிருக்கவில்லை.

கோடுகள் எல்லாம் குற்றமற்றவை என்று சொல்ல வரவில்லை. அந்தக் கட்டத்தில் பெரிய பூங்காவுக்கு இடமே விடவில்லை. 1850களில் சென்ட்ரல் பார்க்குக்காக நிலத்தைத் திரும்ப விலை கொடுத்து வாங்கினார்கள். அப்படி எடுத்த இடத்தில் செனகா வில்லேஜ் என்ற குடியிருப்பு இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள், சொந்த நிலமும் தேவாலயமும் பள்ளியும் வைத்து வாழ்ந்த இடம். 1857இல் அது முழுசாக அழிக்கப்பட்டது. தாமதமாகப் போட்ட கோடு யார் வீட்டின் மேல் விழும் என்பது பெரும்பாலும் முன்பே முடிவாகிவிடுகிறது.

ஐ.நா.வின் 2018ஆம் ஆண்டுக் கணிப்பு, 2050க்குள் உலக நகரங்களில் இன்னும் 250 கோடிப் பேர் சேர்வார்கள் என்கிறது. அவர்கள் குடியேறப் போகும் இடங்களில் பெரும்பகுதி இன்று வயலாகவோ பொட்டலாகவோ இருக்கிறது. எத்தியோப்பியாவில் அடாமா, ஹவாசா, பஹிர்தார், மெக்கெல்லே ஆகிய நான்கு ஊர்கள், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஸ்லோமோ ஏஞ்சல் குழுவோடு சேர்ந்து 1811இன் வேலையையே இன்னும் எளிமையாகச் செய்து பார்த்தன. எல்லாத் தெருவையும் வரைய வேண்டாம். சுமார் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றாக, 30 மீட்டர் அகலத்தில் பெரிய சாலைகளுக்கு மட்டும் இடத்தை ஒதுக்கிவிடு. உள்ளே இருப்பதைக் காலம் பார்த்துக்கொள்ளட்டும். பேருந்தும் பெரிய குழாயும் போக அந்த 30 மீட்டர் போதும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும், நான்கு ஆண்டுகள் மில்லிமீட்டர் கணக்கில் வரைந்த எனக்கு இந்தச் சோம்பேறித் திட்டம்தான் மிகவும் பிடித்தது.

சரி, இடம் ஒதுக்கியாயிற்று. பணம்?

பணம் என்றதும் எல்லாரும் அரசாங்கத்தைப் பார்க்கிறோம். அரசாங்கத்திடம் பணம் காய்ப்பதில்லை என்பது தெரிந்தும். யோசித்துப் பார்த்தால் ஒரு குழாய்க்கோ ரயிலுக்கோ பணம் தரக்கூடியவர்கள் மூன்றே பேர்தான். அதைப் பயன்படுத்துகிறவர், வரி கட்டுகிற எல்லாரும், அது வந்ததால் நிலத்தின் மதிப்பு ஏறியவர். கடன், பாண்டு, தனியார் பங்கேற்பு என்று எத்தனை பெயர் சொன்னாலும் அவையெல்லாம் பணம் வரும் நேரத்தை மாற்றும் வழிகள். கடைசியில் கட்டுவது இந்த மூவரில் ஒருவர்தான். வங்கி யாருக்கும் குழாய் தானம் செய்வதில்லை.

நேரத்தை மாற்றுவது லேசான விஷயமில்லை. 1858இன் கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி அழுகி நாறியது. நாடாளுமன்றம் நதிக்கரையில். ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்பு குளோரைடு கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டும் உட்கார முடியவில்லை. கழிவுநீரை நதியில் கலக்கவிடாமல் இடைமறித்து ஊருக்குக் கிழக்கே கொண்டுபோகும் திட்டத்தை ஜோசப் பசால்ஜெட் என்ற பொறியாளர் ஏற்கெனவே போட்டு வைத்திருந்தார். கழிவு எங்கே போய் விழ வேண்டும் என்ற வாக்குவாதத்தில் அது மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் அலைந்துகொண்டிருந்தது. பல ஆண்டு காலரா சாதிக்காததை ஒரு கோடையின் நாற்றம் சாதித்தது. 18 நாளில் சட்டம் நிறைவேறியது.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி குழாயின் அளவு இல்லை, கடனின் அளவு. முப்பது லட்சம் பவுண்டு கடன். அரசு கருவூலம் உத்தரவாதம். லண்டன்வாசிகளின் சொத்து மதிப்பில் பவுண்டுக்கு மூன்று பென்னி வீதம் 40 ஆண்டுகள் கழிவுநீர் வரி போட்டு அடைக்க வேண்டும். அதாவது 1858இல் மூக்கைப் பிடித்துக்கொண்டவர் மட்டும் முழுப் பணமும் கட்டவில்லை. 1890இல் அந்தக் குழாயைப் பயன்படுத்தியவரும் கட்டினார். அவர் 1858இல் பிறந்திருக்காமலும் இருக்கலாம். ஆனால் வசதி அவருக்கும்தானே? செங்கல்லில் கட்டிய அந்தப் பெருங்குழாய்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கடன் முடிந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிறது.

கடனைவிட நீண்ட ஆயுள் உள்ள பொருளுக்குக் கடன் வாங்கலாம். வீட்டுக் கடனுக்கும் இதே கணக்குதான். கல்யாணச் சாப்பாட்டுக்கு இருபது ஆண்டுக் கடன் வாங்குகிறவனை ஊர் சிரிக்கும். ஆனால் 1970களில் நியூயார்க் நகராட்சி செய்தது ஏறத்தாழ அதுதான். சம்பளம் போன்ற அன்றாடச் செலவுகளை மூலதனக் கணக்கில் எழுதி, கடன் வாங்கி, அந்தக் கடனை அடைக்கக் குறுகிய காலக் கடன் வாங்கி, 1975இல் வங்கிகள் கையை விரித்தபோது நகரம் திவாலின் வாசலில் நின்றது. தெருக்களை இரண்டு நூற்றாண்டுக்கு முன்யோசித்த அதே ஊர், மாதச் சம்பளத்தை யோசிக்கவில்லை.

லண்டனைப் போலவே கழிவுநீருக்காகக் கடன் வாங்கிக் கவிழ்ந்த கதையும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜெஃபர்சன் கவுண்டி. கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது என்று வழக்கு வந்து, 1996இல் சீர்செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கான கடன் ஏறிக்கொண்டே போனது. பிறகு, வட்டி மிச்சமாகும் என்று யாரோ சொல்ல, நிலையான வட்டிக் கடனை மாறும் வட்டிக்கு மாற்றி, அதன் மேல் சிக்கலான வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தங்களையும் போட்டார்கள். 2008இல் சந்தை சரிந்ததும் எல்லாம் தலைகீழ். 2011இல் கவுண்டி திவால் மனு போட்டது. அதிகாரிகளும் காண்டிராக்டர்களும் லஞ்ச வழக்கில் சிறைக்குப் போனார்கள். வீடுகளின் கழிவுநீர்க் கட்டணம் பல மடங்கு உயர்ந்திருந்தது. புரியாத கடனைக் கையெழுத்திட்டவர்கள் யாரும் அந்த உயர்வைத் தனியாகச் சுமக்கவில்லை.

மூன்றாவது ஆளுக்கு வருவோம். நிலம் வைத்திருப்பவர். எனக்கு இவரிடம்தான் அதிக சுவாரசியம், ஏனென்றால் இவரிடம்தான் யாரும் கேட்பதில்லை. ரயில் வரப்போகிறது என்று செய்தி கசிந்ததும் ஊருக்கு வெளியே மனை வாங்கிப் போடுகிறவர்களை எல்லாருக்கும் தெரியும். ரயிலுக்கு ஒரு செங்கல்கூட எடுத்து வைக்காமல் அவர்கள் நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் எங்கிருந்து வந்தது? பொதுப்பணத்தில் போட்ட தண்டவாளத்திலிருந்து. அதில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கி தண்டவாளத்துக்கே கட்டினால் என்ன?

ஜப்பானில் ஒசாகாவுக்கு அருகே கோபயாஷி இச்சிசோ என்பவர் இதை வியாபாரமாகவே செய்து காட்டினார். 1910இல் அவருடைய நிறுவனம் ஓட்டத் தொடங்கிய மின்ரயில் பாதையில் ஆள் நடமாட்டமே கிடையாது. யார் ஏறுவார்கள் என்று சிரித்தார்கள். அவர் முன்னதாகவே பாதையோரம் நிலத்தை வாங்கி, வீடு கட்டி, பத்து ஆண்டு தவணையில் விற்றார். வாங்கியவர்கள் தினமும் அவருடைய ரயிலில் வேலைக்குப் போனார்கள். பாதையின் ஒரு முனையில் தக்கராசுக்காவில் வெந்நீர்க் குளியலும் பெண்களே நடிக்கும் இசைநாடகக் குழுவும். மறுமுனையில் ஒசாகாவின் உமேதா ரயில் நிலையத்திலேயே 1929இல் பல்பொருள் அங்காடி. காலையில் ஊருக்குள் போகும் கூட்டம், விடுமுறை நாளில் வெளியே போகும் கூட்டம், இரண்டு பக்கமும் ரயில் காலியாக ஓடவில்லை. டிக்கெட் காசில் மட்டும் அவர் ரயில் விட்டிருந்தால் சிரித்தவர்கள் சொன்னது நடந்திருக்கும்.

ஹாங்காங் இதை ஒரு நகரத்தின் அளவுக்கு நீட்டியது. அங்கே 1979இல் ஓடத் தொடங்கிய எம்.டி.ஆர். ரயிலுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுப்பதற்குப் பதில், நிலையங்களின் மேலும் பக்கத்திலும் கட்டடம் கட்டும் உரிமையைக் கொடுக்கிறது. அதற்கான விலை, ரயில் வராவிட்டால் நிலம் என்ன விலை போகுமோ அந்த விலை. ரயில் நிறுவனம் கட்டுமான நிறுவனங்களோடு சேர்ந்து கோபுரங்களைக் கட்டி, ரயில் வந்த பிறகுள்ள விலையில் வரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. இடையில் உள்ள வித்தியாசம்தான் சுரங்கப் பாதைக்கான பணம். இதைக் கேட்டதும் எல்லா ஊர்க்காரர்களும் நாமும் செய்யலாமே என்பார்கள். ஹாங்காங்கில் ஏறக்குறைய எல்லா நிலமும் அரசுடையது, குத்தகைக்குத்தான் விடப்படுகிறது என்பதை மறந்துவிடுவார்கள். நிலம் நூறு பேர் கையில் சிதறிக் கிடக்கும் ஊரில் இது இப்படியே நடக்காது.

சிதறிக் கிடக்கும் நிலத்துக்கு வேறு வழி இருக்கிறது. பிராங்க்பர்ட் மேயராக இருந்த பிரான்ஸ் அடிக்கெஸின் முயற்சியில் 1902இல் ஒரு சட்டம் வந்தது. பின்னர் ஜப்பான் இந்த முறையைப் பெரிய அளவில் கையாண்டது. கோணல்மாணலாக வயல் வைத்திருக்கும் பத்துப் பேரின் நிலத்தையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். சாலைக்கும் பூங்காவுக்கும் இடத்தை எடுத்து, விற்றுச் செலவைச் சமாளிக்க இரண்டு மூன்று மனைகளையும் ஒதுக்கி, மீதியை நேரான மனைகளாகப் பிரித்து அதே பத்துப் பேருக்கும் திருப்பிக் கொடுப்பார்கள். உங்களிடம் பத்துப் பங்கு நிலம் இருந்தால் ஏழு பங்கு திரும்பி வரும் என்று வையுங்கள். மூன்று பங்கு போய்விட்டதே என்று வயிறு எரியும். ஆனால் முன்பு மாட்டுவண்டிப் பாதைகூட இல்லாத நிலம் இப்போது சாலையோர மனை. யாரையும் வெளியேற்றவில்லை, இழப்பீட்டுக்குப் பணம் தேடவில்லை. இதற்குப் பேசிப் பேசி ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். தேர்தலுக்கு முன் ரிப்பன் வெட்ட நினைப்பவர்களுக்கு ஒத்துவராத முறை.

நிலமதிப்பு ஏறும் என்பதும் சொல்லி வைத்தாற்போல் நடப்பதில்லை. கோபன்ஹேகன் 1992இல் சட்டம் போட்டு, ஓரெஸ்டாட் என்ற புதுப் பகுதியின் பொது நிலத்தை விற்று மெட்ரோ கட்டுவது என்று முடிவெடுத்தது. முதலில் கடன் வாங்கிக் கட்டுவது, நிலம் விற்க விற்க அடைப்பது. 2002இல் ரயில் ஓடியது. ஆனால் மனைகள் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை, பயணிகளும் கணித்ததைவிடக் குறைவு. கடன் அடையும் காலம் தள்ளிக்கொண்டே போனது. ரயில் நன்றாகத்தான் ஓடுகிறது. வட்டியும் கூடவே ஓடுகிறது. அதற்கும் முன்னால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸின் நிர்வாகியாக இருந்த ஓஸ்மான் பெருஞ்சாலைகளுக்காகத் தேவைக்கு மேல் நிலத்தைக் கையகப்படுத்தி, சாலை வந்ததும் முகப்பு மனைகளை விற்று லாபம் பார்த்தார். நீதிமன்றம் தலையிட்டு அந்த லாபம் பழைய உரிமையாளர்கள் பக்கம் போனதும், கணக்கில் தெளிவாகக் காட்டாத கடன்களில் இறங்கினார். 1870 ஜனவரியில் பதவி போனது. சாலைகள் இன்னும் அழகாகத்தான் இருக்கின்றன.

இந்த முறையில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நிலமதிப்பு ஏறுவது நகரத்துக்கு வருமானம் என்றால், நிலமதிப்பு ஏற வேண்டும் என்று நகரமே ஆசைப்படத் தொடங்கும். வாடகைக்கு இருப்பவர் என்ன ஆவார்? தண்ணீர்க் குழாய் வருகிறது என்று மகிழ்ந்தவர், குழாய் வந்த இரண்டாம் ஆண்டு வாடகை கட்ட முடியாமல் குழாய் இல்லாத இடத்துக்குப் போகிறார். அங்கே அவர் மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

கணிப்புகளைப் பற்றியும் கொஞ்சம். டென்மார்க்கின் பென்ட் ஃபிளுவியர் தன் சகாக்களோடு 2002இல் வெளியிட்ட ஆய்வு, 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பத்தில் ஒன்பது திட்டங்கள் எஸ்டிமேட்டைத் தாண்டியிருந்தன. ரயில் திட்டங்கள் சராசரியாக 45 சதவீதம் அதிகம். தற்செயலாகத் தவறு செய்தால் சிலது மேலேயும் சிலது கீழேயும் போக வேண்டும் அல்லவா? எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அது தவறு இல்லை, பழக்கம். குறைத்துச் சொன்னால்தான் அனுமதி கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். நானே ஒரு முறை அலுவலகத்தில், பாறை வரும் என்று தெரிந்த இடத்தில் "சாதாரண மண்" என்று எழுதச் சொல்லப்பட்டு, எழுதினேன். முதல் வேலை, வயது இருபத்து மூன்று. குழி தோண்டியபோது பாறை வந்தது. கூடுதல் செலவுக்குத் தனிக் கோப்பு போட்டார்கள். யாரும் ஆச்சரியப்படவில்லை.

கட்டியதைக் காப்பாற்றுவதற்குப் பணம் கிடைப்பதோ அதைவிடக் கடினம். புதுப் பாலத்துக்கு ரிப்பன் வெட்டலாம். பழைய பாலத்துக்குச் சாயம் அடித்ததற்கு யார் வந்து வெட்டுவார்கள்? 1973 டிசம்பரில் நியூயார்க்கின் வெஸ்ட் சைடு உயர்மட்டச் சாலை ஒரு லாரியின் பாரம் தாங்காமல் இடிந்து விழுந்தது. அந்த லாரி ஏற்றிக்கொண்டு போனது அதே சாலையைப் பழுதுபார்ப்பதற்கான தார்க்கலவை. இப்படி ஒன்றைக் கதையில் எழுதினால் மிகைப்படுத்துகிறாய் என்பார்கள். அதற்கப்புறம் அந்தச் சாலையை மூடியவர்கள் மூடியதுதான், பிற்பாடு இடித்தே போட்டார்கள்.

லண்டனுக்கும் பழசு பாக்கி இருந்தது. பசால்ஜெட்டின் குழாய்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாக ஓடும். ஊர் பெருத்து, மழை வலுத்தபோதெல்லாம் அவை நிரம்பி தேம்ஸில் வழிந்தன. அதைத் தடுக்க 25 கி.மீ. நீளச் சுரங்கம் ஒன்றைத் தோண்டி 2025இல் முழுமையாக இணைத்தார்கள். அதற்கான பணம் தண்ணீர்க் கட்டண ரசீதுகளில் வருகிறது. மூன்று பென்னி வரிக்கு ஒரு பேரன்.

போன மாதம் எங்கள் தெருவில் மறுபடி வெள்ளைச் சுண்ணாம்பில் கோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியவர் கோட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இரண்டடி உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எங்கள் தெருவுக்கு அப்பால், ஊர் முடியும் இடத்தில் ஒரு வெற்று நிலம் இருக்கிறது. மாலையில் நடக்கப் போகும் இடம். ஞாயிற்றுக்கிழமை போனபோது அங்கே புதிதாக எல்லைக் கற்கள் நட்டிருந்தார்கள். மனைகள் பிரித்தாயிற்று. கற்களுக்கு இடையே தெரு வரப்போகும் இடம் எது என்று தேடினேன். இரண்டு வரிசைக்கு நடுவில் ஓர் இடைவெளி தெரிந்தது. ஒரு கல்லின் பக்கத்திலிருந்து எதிர்க்கல்லை நோக்கி எட்டு வைத்து அளந்தேன். ஏழாவது எட்டில் கால் எதிர்க்கல்லில் இடித்தது.